கேட்பர்

ரெதுய் மேட்டில், இரண்டாம் மாடியில், ஒரு நீள்மேசை.
ஏசி பழுது. மின்விசிறி தாள்களைப் புரட்டுவதால்
ஸ்டேப்ளரை அட்டவணையின் தலைமேல் வைத்திருக்கிறோம்.
ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகள்.
தீவு முழுவதும் இனி இதைத்தான் படிக்கும்
என்று தினமும் யாராவது ஒருமுறை சொல்லிவிடுகிறார்கள்.
பிறகு தால் பூரி வருகிறது.

முதல் வாரமே விதி வந்துவிட்டது:
அளக்க முடிந்த வினைச்சொல் மட்டும்.
'உணர்வர்' போனது. 'வியப்பர்' போனது.
'அறிவர்' என்பதை இரண்டு நாள் காப்பாற்றினேன்.
'அறிந்ததை எந்த அளவுகோலில் வைப்பீர்கள், மதாம்?'
என்றார் தலைவர், மிசியே வேலாயுதென்.
பட்டியலிடுவர், பொருத்துவர், அடிக்கோடிடுவர்,
கோடிட்ட இடத்தை நிரப்புவர்.
பிழைத்தவை இவை.

எட்டாம் வகுப்பு, நான்காம் அலகு: புயல்.
சென்னையிலிருந்து வந்த பழைய பாடத்தில்
ஐப்பசியில் இடி, மார்கழியில் பனி.
எங்கள் மார்கழியில் லிச்சி சிவக்கும்,
தார் செருப்பில் ஒட்டும்.
அதைத் தூக்கிவிட்டு எழுதினேன்:
'மாணவர் வானொலி எச்சரிக்கையைக் கேட்பர்.'

'கேட்பரா?' பேனாவை மூடினாள் மரி-நோயெல்,
பிரெஞ்சுப் பத்தியை நிரப்புகிறவள்.
'காதாலா, வாயாலா?'
இரண்டாலும், என்றேன்.
ஒரு கட்டத்துக்கு ஒரு செயல்தான், என்றாள், வருத்தத்தோடுதான்.
காதையே போட்டோம்.
வாய்க்கு அட்டவணையில் பத்தி இல்லை.

பிப்ரவரியில் சோதனை வகுப்பு, சூயாக்கில்.
முப்பத்தொரு பிள்ளைகள். பதிவுசெய்த குரல் ஓடியது:
காற்றின் வேகம், தொலைவு, திசை.
அடிக்கோடிட்டார்கள். பொருத்தினார்கள்.
இருபத்தெட்டுப் பேருக்கு முழு மதிப்பெண்.
கடைசி வரிசையில் யோவான் சின்னப்பென்,
கை தூக்காமலே, கிரியோலில்:
'கரண்ட் போய், போனும் செத்துப்போனால்
புயல் முடிந்துவிட்டதென்று யார் வந்து சொல்வார்கள், மதாம்?'

விடைக்குறிப்பில் தேடினேன்.
நானே எழுதிய விடைக்குறிப்பு.

'பேட்டரி வானொலி' என்றேன்.
'எங்கள் வீட்டில் இல்லை.'
பக்கத்துப் பெண், 'எங்களிடம் இருக்கிறது, பேட்டரிதான் இல்லை.'
வகுப்பு சிரித்தது. மணி அடித்தது.

மறுவாரம் உண்மையிலேயே வந்தது.
இரண்டாம் எச்சரிக்கை. பள்ளிகள் மூடின.
'புயல் பாடத்தின் அடுத்த சோதனை புயலால் ரத்து'
என்று மின்னஞ்சல் அனுப்பினார் வேலாயுதென்.
சிரித்தாரா, எழுத்தில் தெரியவில்லை.
காத்ர் போர்னில் இரவு ஒன்பதுக்குக் கரண்ட் போனது.
ஒரு தகரம் தெரு முழுக்க உருண்டுகொண்டே போயிற்று.
பிறகு காற்று நின்றது. ஒரு தவளை கத்தியது.
முடிந்துவிட்டதா, இது புயலின் கண்ணா?
தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன்,
எட்டாம் வகுப்பு நான்காம் அலகை எழுதியவள்.

மார்ச்சில் யோவானின் கேள்வியை மேசைக்குக் கொண்டுபோனேன்.
நல்ல கேள்வி, என்றார்கள். எந்தக் கட்டத்தில் போடுவது?
வேலாயுதென் மட்டும் வெகுநேரம் தாளைப் பார்த்தார்.
பத்தொன்பது வருடம் கணக்கு நடத்தியவர்.
இன்னொரு பத்தி சேர்த்தால் தாள் அகலம் போதாது, என்றார்,
ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டுத்தான்.

அச்சாகிவிட்டது. பக்கம் அறுபத்தொன்று, மூன்றாம் வரிசை.
பிரெஞ்சில் காது.
தமிழில் கேட்பர்.
நான் திருத்தவில்லை, யாரும் திருத்தச் சொல்லவுமில்லை.

ஜூனில் த்ரியோலேயிலிருந்து ஒரு புது ஆசிரியை போன் செய்தாள்.
'மதாம், இந்த வரிக்குப் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்?
கவனிப்பதா, கேள்வி போடுவதா?'
'பிள்ளைகளைக் கேளுங்கள்' என்றேன்.
அவள் பக்கம் ஒரு கரும்பு லாரி கடந்துபோனது,
அறுவடை தொடங்கிவிட்டது.
'சரியாகக் கேட்கவில்லை' என்றாள்.