கொள்ளு மேல் ஓட்டியது

செவ்வாய்க்கிழமை சலூன் கிடையாது.
ஆறு நாள் நின்றே கிடக்கும் கால்களுக்கு
உட்கார்ந்தபடி உழைக்க ஒரு நாள்.
நாலரை மணிக்குக் காளவாசலில்
சிக்கந்தர் காற்றடித்துக்கொண்டிருந்தான்.
ஷேர் ஆட்டோக்காரன்.
வாரத்தில் இன்று மட்டும்தான்
பத்துப் பேரை ஏற்றாமல் வண்டி ஓட்டுவான்.

நாகமலையை இருட்டில் கடந்தோம்.
மலை தெரியவில்லை.
வலது காதில் காற்று நின்றுபோனதை வைத்து
வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.

செக்கானூரணியில் டீ.
"பந்தயமா?" என்றார் மாஸ்டர்.
இல்லை.
"வேண்டுதலா?"
இல்லை.
பாலைத் தூக்கி ஆற்றியபடி
எங்கள் கால்களையே பார்த்தார்.
மூன்றாவதாக ஒரு காரணம்
அவருக்கு அகப்படவில்லை. எங்களுக்கும்தான்.

உசிலம்பட்டியில் பஸ் மேலே பூ மூட்டை.
தை மாதம், மல்லிகை நகை விலை.
மூட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரை
இலவசமாக நனைந்து தாண்டினோம்.

எழுமலைக்கு அப்பால் சாலை லேசாக முதுகு தூக்குகிறது.
அறுத்த வயல்கள்
இரண்டு நாள் தாடி மாதிரி.
(என் தொழில் அப்படி, வேறெப்படித் தோன்றும்?)
நடுவே பருத்தி, தக்காளி,
யாரும் இல்லாமல் ஓடும் ஒரு மோட்டார்.
வளைவு திரும்பினால்
ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி காய்கிறது.

பிரேக் பிடித்தோம், ஓரமாய் உருட்டப் பார்த்தோம்.
"ஏன் எறங்குறீக? மேலயே விடுங்க!"
முக்காட்டுத் துண்டோடு ஒருத்தி.
"காலைல இருந்து ஒரு லாரி வரல.
பஸ்காரன் ஒதுங்கி ஒதுங்கிப் போறான்.
நீங்களாச்சும் மிதிங்க."
மிதித்தோம். நொறுநொறுவென்று
டயருக்கு அடியில் காய் வெடித்தது.
குனிந்து அள்ளிப் பார்த்தாள்.
"வெயிட்டு பத்தல. இன்னும் நாலு தரம் போயிட்டு வாங்க."
போனோம், வந்தோம். ஆறோ ஏழோ தரம்.
பம்ப்செட் பக்கமிருந்து "யே காசம்மா, யாரு அது?" என்று குரல்.
"தெரியல. சும்மா போற ஆளுக!"

மல்லப்புரம் மலைப் பாதையில்
பேச்சு முதலில் நின்றது, பிறகு யோசனை.
இனிமேல் கியர் இல்லை என்று தெரிந்தும்
கட்டைவிரல் லீவரைத் தேடிக்கொண்டே இருந்தது.
ஒரு கொண்டை ஊசி வளைவில் சிக்கந்தர்
இறங்கித் தள்ளினான்.
நான் இறங்கவில்லை,
ஆனால் அவனை முந்தவும் முடியவில்லை.

உச்சியில் எலுமிச்சைச் சோறு.
கீழே கிழக்கே கண்மாய்கள்
கழுவாத கண்ணாடித் துண்டுகள்.
அந்தப் பக்கம் வருசநாட்டு மலை.
"அடுத்த செவ்வா அங்கிட்டு" என்றான்,
தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
வாய் மூடிப் போக வேண்டும், பூச்சி.

அடிவாரத்தில்தான் தெரிந்தது:
காலையில் முதுகைத் தள்ளிய அதே காற்று
இப்போது நெஞ்சில் கைவைத்து மறிக்கிறது.
மதுரைக்கு இன்னும் அத்தனை தூரம்.
சிக்கந்தர் காற்றின் அம்மாவைத் திட்டினான்.

வளைவு திரும்பினால் காசம்மா.
தலைக்கு மேல் முறம்.
பகலெல்லாம் பார்த்திருந்த காற்று வந்துவிட்டது;
கொள்ளு நேராகக் காலடியில் விழ,
தூசும் தொலியும் பறந்து
எங்கள் முகத்துக்கே வந்தன.
அவள் கையெடுக்கவில்லை.
நின்றால் போயிற்று, காற்று.
கண்ணால் மட்டும் ஒரு சிரிப்பு.

செக்கானூரணி வரை அரித்தது.
வியர்வைக் கழுத்தில், காலருக்குள்,
வெட்டிய முடி மாதிரி.
எத்தனை பேருக்கு நான்
பவுடர் போட்டுத் தட்டிவிட்டிருக்கிறேன்.
எனக்குச் சொறிய ஒரு கை இல்லை,
இரண்டும் ஹேண்டில்பாரில்.