ஒப்பீட்டு வீடு

ஃபிரெஸ்னோ. ஆகஸ்ட். வெளியே நூற்றெட்டு டிகிரி.
தூ கெர் லோரின் வரைபடம் சுருண்டு எழாமலிருக்க
ஒரு மூலையில் ஸ்டேப்ளரை வைக்கிறேன்.
பின்முற்றத்தில் அறுநூறு சதுர அடியில் சிறு வீடு,
மேற்குச் சுவரில் எட்டுக்கு ஐந்து கண்ணாடி.

நாற்பது சதுர அடி.
சட்டம் கண்டும் காணாமல் விடுவது
முப்பது வரை.

"ஜன்னலைச் சின்னதாக்கலாமே" என்றேன்.
அவர் போனை மனைவியிடம் கொடுத்தார்.
மாய் யெருக்குப் பாதாம் ஆலையில் இரவு வேலை.
காலை ஏழுக்கு வந்து படுத்தால்
எழுவதற்கு மாலை நாலரை ஆகிவிடும்.
"எனக்கு மிஞ்சுகிற பகல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது."
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

சரி, கணக்கு வழியாகப் போவோம்.
மென்பொருள் தனக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ளும்,
இதே பரப்பில், இதே வெயிலில்.
அதன் கண்ணாடியை நான்கு திசைக்கும் பங்கு பிரிக்கும்,
பாகப்பிரிவினையில் சண்டையே வராத குடும்பம்போல.
அங்கே யாரும் குடியில்லை.
ஆனாலும் ராத்திரி ஒழுங்காகத் தூங்கி
விடிந்ததும் வெந்நீரில் குளித்து
வேலைக்குப் போய்விடுகிறார்கள்.
அந்த வீட்டைவிட நம் வீடு குறைவாகத் தின்ன வேண்டும்.
கட்டவே போகாத வீட்டுக்கும்
இன்னும் கட்டாத வீட்டுக்கும் போட்டி.

தோல்வி. இரண்டு புள்ளி மூன்று சதவீதம்.

கூரைக்கடியில் பஞ்சைக் கூட்டினேன்:
ஒன்று புள்ளி ஆறு.
கூரைக்கு வெளிர்நிற ஓடு: ஒன்று புள்ளி ஒன்று.
ஜன்னலுக்கு மேலே இரண்டடி நிழல்பலகை:
மாலை வெயில் குனிந்து வருகிற ஆள்,
பலகைக்கா அடங்கும்?
கொசுறுக்குக் கொஞ்சம் குறைந்தது.
தூ கெரிடமிருந்து குறுஞ்செய்தி:
அங்கே ஒரு மாதுளை நட்டால்?
மாதுளைக்கு நிழல் உண்டு.
மென்பொருளில் மாதுளைக்குக் கட்டம் இல்லை.

இரண்டாம் ராத்திரி, குளிர்காற்றுக் குழாய்களைப்
பரணிலிருந்து வீட்டுக்குள் இறக்கியதும்
தேறியது,
பூஜ்யம் புள்ளி இரண்டில்.
கிராசியானா இரிகோயென் என்று
மூன்று இடத்தில் கையெழுத்திட்டேன்,
கொஞ்சம் பெரிதாகவே.

அனுமதி அலுவலகத்தில் அர்ப்பி மெலிக்கியான்
வரைபடத்தை அரைவட்டம் திருப்பிப் பார்த்தாள்.
"இந்த வடக்கு எங்கேயிருந்து வந்தது?"

பழைய நகரம் தண்டவாளத்தை ஒட்டிச் சாய்ந்தே கிடக்கிறது.
தெருக்கள் திசைகாட்டியை மதித்ததில்லை.
வரைந்தவர்
தாளுக்கு வசதியாக
வடக்கை நிமிர்த்திவிட்டார்.
நாற்பது பாகை.

ஒரே ஒரு எண்ணை மாற்றினேன்.
நான்கு புள்ளி ஏழு மிச்சம்.
பலகை வேண்டாம், ஓடு வேண்டாம்,
என் இரண்டு ராத்திரி வேண்டாம்.

மாய் யெரிடம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்,
அது மேற்கில்லை, வடமேற்கு.
"தெரியுமே. டிசம்பரில் வெயில் ஓரமாகத்தான் எட்டிப்பார்க்கும்.
பத்தொன்பது வருஷமாக அங்கேதான் துணி காயப்போடுகிறேன்.
நீங்கள் மேற்கு மேற்கு என்றீர்கள்,
காகிதத்தில் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன்."

பஞ்சை மட்டும் குறைக்காமல் வைத்துக்கொண்டோம்.

அடுத்த ஜூன். மாலை ஆறு மணி.
கதவில்லாத வாசல் வழியே போனேன்.
கவிழ்த்த பெயின்ட் வாளியின்மேல்
தூக்கம் கலைந்த முகத்தோடு உட்கார்ந்து
சோறும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
கண்ணாடியில் இன்னும் கிழிக்காத சான்றுச் சீட்டு.
அதன் எண்கள் வெயிலில் கசிந்து
இடவலம் மாறி
அவர் முழங்காலில் விழுந்திருந்தன:
பூஜ்யம், புள்ளி, இரண்டு, எட்டு.

"இதை எப்போது கிழிக்கலாம்?"
அதிகாரி வந்து பார்த்த பிறகு.
"எப்போது வருவார்?"
நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

"நான் தூங்கிக்கொண்டிருப்பேன்" என்றார்.