ஆக்சில் முறிந்த இடம்

எழுபத்தொன்பது ஜூனில்
பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரோடு
மணலில் உட்கார்ந்துவிட்டது டேங்கர்.
பின் ஆக்சில் இரண்டு துண்டு.
வயர்லெஸ்ஸில் கம்பெனி சொன்னது ஒரே வாக்கியம்:
மெக்கானிக் வரும்வரை வண்டியை விட்டு நகராதே.

பெரியபட்டினத்துச் சேகனா நகரவில்லை.

நிழல்தான் நகர்ந்தது. காலையில் மேற்குப் பக்கம்,
அஸருக்குப் பிறகு கிழக்குப் பக்கம் என்று
அதன் பின்னாலேயே பாயை இழுத்துக்கொண்டு இரண்டு நாள்.
மூன்றாம் நாள் ஒரு பெஷாவர் டிரைவர்
ரேடியேட்டர் கொதிக்க வந்து நின்றான்.
தண்ணீருக்குக் காசு இல்லை என்றான்.
சீனியும் தேயிலையும் கொடுத்துவிட்டுப் போனான்.
நான்காம் நாள் நின்றவனுக்குச்
சேகனாவிடம் தேநீர் இருந்தது.

ஊர் பிறந்த நேரம் கேட்டால்
நான் அதைத்தான் சொல்வேன்.
நகராட்சிப் பலகையில் வேறு தேதி.

கம்பெனி திவாலான செய்தி வர ஐந்து மாதம் ஆனது.
அதற்குள் பஞ்சர் ஒட்டத் தகரக் கொட்டகை,
படுக்க நாலு கட்டில்.
தொலைந்த ஒட்டகத்தைத் தேடி வந்த மப்கூத்
யார் நிலம் தெரியுமா என்று அதட்டினார்.
மூன்று கிளாஸ் குடித்தார்.
அடுத்த வாரம் லைசென்ஸோடு வந்தார்:
பெயர் அவருடையது,
இடம் அவருடையது,
கடன் மட்டும் சேகனாவுடையது.

தொழ ஒரு திசை வேண்டியிருந்தது.
டேங்கரின் மூக்கு ஏறத்தாழ மேற்கே. அதுவே கிப்லா.
அந்த மூக்குக்கு நேராகப் பிளைவுட் பள்ளி.
பள்ளிச் சுவரை ஒட்டி குல் ஸமானின் ரொட்டி அடுப்பு.
அடுப்புச் சுவரை ஒட்டிக் கோழஞ்சேரிப் பாப்பச்சனின் பலசரக்கு.
அதற்கப்புறம் சலூன், லாண்டரி, மணி எக்ஸ்சேஞ்ச்,
சிக்னல் இல்லாத நாற்சந்தி.

தொண்ணூற்று நாலில் கருவியோடு வந்த சர்வேயர்
ஆறு டிகிரி பிசகு என்றான்.
பள்ளியை இடித்து நேராகக் கட்டினார்கள்.
கடைத்தெருவை யார் திருப்புவது?
ஜும்ஆவுக்கு உள்ளே வரிசைகள் சரியான திசையில் நிற்கும்.
வெளியே செருப்புகள்
பழைய சாய்விலேயே கிடக்கும்.

அவரை அவுலியா ஆக்கிவிடாதீர்கள்.
எண்பத்து மூன்றில் புயல் சாலையை மூடியபோது
இதே மனிதர் ஒரு வாளி ஐந்து திர்ஹத்துக்கு விற்றார்.
குல் ஸமான் இரண்டு வருஷம் பேசவில்லை,
ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு.
பற்று நோட்டில் செத்தவர்களின் கணக்கையும்
அடித்துவிடாமல் வைத்திருந்தார்.

பலகையில் இந்த ஊர் உம்மு கஸல்.
மான் ஒன்றும் இங்கே கண்டவர் இல்லை.
லாரிக்காரர்கள் சொல்வது வேறு:
'ஷேகானாவில் டீசல் போட்டுக்கொள்வோம்.'
அது ஒரு மனிதன் பெயர் என்று
பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் வந்தது இரண்டாயிரத்து மூன்றில்.
லாண்டரிக்குப் பின்னால் டைப்பிங் சென்டர்.
அறுபத்தைந்தில் அவர் விசாவை ரத்து செய்யும் படிவம்
என் விரலால்தான் அடித்தேன்.
தொழில் என்ற கட்டத்தில் முதல் விசாவில் இருந்தபடியே
கனரக வாகன ஓட்டுநர்.
முப்பத்தேழு வருஷமாய் அவர் ஸ்டியரிங் தொட்டதில்லை.
திருத்தவா என்றேன்.
'எதுக்கு? வண்டி அங்கதானே நிக்குது.'

நின்றது உண்மை. பெட்ரோல் பங்க் வேலிக்குள்ளே,
டயர் இல்லாமல், உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது.

போன மாதம் பெரியபட்டினத்திலிருந்து போன்.
ஒரு மாச விசிட் விசா போட முடியுமா?
ஸ்பான்சர் மப்கூத்தின் மகன், சம்மதித்துவிட்டான்.
வருகையின் நோக்கம் கேட்குது மாமா என்றேன்.
லைனில் கடலா காற்றா தெரியவில்லை.
'மெக்கானிக் வந்துட்டாரான்னு பாக்க.'
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பட்டியலில் மூன்றுதான்:
சிகிச்சை, உறவினர், சுற்றுலா.
கர்சரை மூன்றின் மேலும் கொண்டுபோனேன்.

'என்ன போட்ட?' என்றார்.
சுற்றுலா என்றேன்.
'ம். ஃபீஸ் எவ்வளவு?'
சொன்னேன்.
பாப்பச்சன் காலத்தில் இதற்குப் பாதிதான் என்று
பேரம் பேசத் தொடங்கினார்.