ஒரு ஹெர்ட்ஸ்

பெர்னில் நவம்பர். ஐந்து மணிக்கே
ஆரே நதியை மூட்டம் விழுங்கிவிட்டது.
கிண்ணத்தில் எலியின் இதயச் செல்கள்
செங்கல் செங்கல்லாகச் சும்மா கிடக்கின்றன.

பால்மிட்டிக் அமிலம் விட்டிருக்கிறேன்.
தண்ணீரில் அதற்குத் தனிநடை இல்லை,
ஆல்புமின் முதுகில் சவாரி.
வாசல்வரை வந்தும் பெரும்பாலானது
வெளியேதான் நிற்கிறது.
ஏற்றி இறக்கும் புரதங்கள் உள்ளே
குமிழுக்குள் சுருண்டு தூங்குகின்றன,
ஞாயிறு மதியத்துச் சுமைகூலிகள்.

ரெகுலா எட்டிப் பார்க்கிறாள்:
"ஃபோண்டு இருக்கு, வாயேன்."
சஷ்டி, ஐந்தாம் நாள், பாலும் பழமும்தான் என்று
ஜெர்மனில் எப்படிச் சொல்வது.
வயிறு சரியில்லை என்றேன்.

மின்துடிப்பை முடுக்கினேன். நொடிக்கு ஒன்று.
சுருங்கின. மறுபடி சுருங்கின.
அழுகிற பிள்ளைக்குப் பால் என்பார்கள்;
இங்கே துடிக்கிற செல்லுக்குக் கொழுப்பு.
குமிழ்கள் மேலேறிச் சவ்வோடு ஒட்ட,
கூலியாட்கள் வாசலில்.

கதிர் எண்ணும் இயந்திரம் இரண்டு மடங்கு காட்டியது.
இன்னொரு கிண்ணம். அதிலும்.
குறித்துவைத்தேன்.

ஒன்பதாம் எண் டிராமைத் துரத்தி ஏறி
கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறேன்.
நெஞ்சு அடித்துக்கொள்கிறது.
காலையிலிருந்து ஒரே ஒரு டம்ளர் பால்.
என் இடுப்பிலிருந்து யாரோ
மூட்டை மூட்டையாய் எடுத்துப் போகிறார்கள்,
என்னைக் கேட்காமலே.