தண்ணீர் இறங்கிய மைதானம்

மாசி முடிய
மவுசாக்கலைத் தண்ணி படிபடியாய் இறங்கும்.
முதலில் சேறு.
பிறகு அது வெடித்து ஓடு ஓடாய்க் காயும்.
பிறகு ஒருநாள்
முங்கிப்போன பழைய டவுனின் கோயில் படிக்கட்டு
குளித்துவிட்டுக் கரையேறியதுபோல்
மேலே வந்து நிற்கும்.
அன்றைக்கு நாங்கள் விக்கெட் ஊன்றுவோம்.

கொழுந்து காய்ந்த மாதம்.
வாரத்தில் மூன்று நாள்தான் வேலை,
அதிலும் பாதி அரைப்பேர்.
கடைக்காரர் கொப்பியில் எங்கள் பக்கம் நீளும்.
ஆனாலும் பின்னேரம் மூன்று மணிக்கு
வெயில் இருக்கிறது, கால் இருக்கிறது,
கீழே, கண் போகிற தூரத்துக்கு,
ஒரு தேயிலைச் செடிகூட இல்லாத தரை இருக்கிறது.

டிஸ்பென்சரிக்குப் புதிதாய் வந்த மிஸ்ஸி
பிரஷர் பட்டியை என் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"அக்கா, தினம் அரை மணித்தியாலம் நடக்கணும்."
வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.
ஏழாம் நம்பர் மலையில் நான் ஏறியதையெல்லாம்
யாராவது அடுக்கி வைத்திருந்தால்
இந்நேரம் சிவனொளிபாதத்தைத் தாண்டி
மேகத்துக்குள் போயிருப்பேன்.
அவள் முகம் சிவந்தது. பாவம், டவுன் பிள்ளை.
பட்டியைக் கழற்றி, கொஞ்சம் யோசித்து,
"அப்ப, முதுகில ஒண்ணும் இல்லாம நடங்க" என்றாள்.

அந்தச் சொல் என்னோடு லயம் வரைக்கும் வந்தது.

முதுகில் ஒன்றும் இல்லாமல்.
முதல் நாள் அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?
நெற்றி கயிற்றைத் தேடியது.
குனிந்தே பழகிய கழுத்து
இவ்வளவு வானத்தை எங்கே வைப்பதென்று தடுமாறியது.
பந்து வருமென்று காத்து நின்றபோதும்
இரண்டு விரல்கள் தம்பாட்டில்
காற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தன.

மூன்று கவ்வாத்துக் குச்சிகள் விக்கெட்.
டர்பன்டைன் கட்டையில் செதுக்கிய மட்டை,
பிடியில் பழைய சைக்கிள் டியூப்.
மரகதவல்லி பந்து போடுவாள்;
போடுவதற்கு முன் வெற்றிலையைத் துப்புவாள்,
அதைப் பார்த்தே பாதிப்பேர் அவுட்.
ஜெசிந்தா சேலைக்குள் மகனின் ட்ரக் பாட்டம் போட்டிருக்கிறாள்,
விழுந்தாலும் மானம் போகாது,
முழங்கால் மட்டும் போகும்.
கரையில் பையன்கள் குந்தியிருந்து
எப்போது எழும்புவார்கள் இந்தப் பொம்பளைகள் என்று பார்க்கிறார்கள்.
பார்க்கட்டும்.

ஒரு பந்து சரியாய்ப் பட்டது.
எனக்கே நம்ப முடியாத சத்தம்.
கோயில் படியில் மோதி, திரும்பி,
எங்கோ ஒரு வீட்டின் அடிவாரக் கல்லுக்குள் உருண்டது.
"ஓடுக்கா, ஓடு!"
நான் ஓடினேன்.
மழைக்கு ஓடியிருக்கிறேன், அட்டைக்கு ஓடியிருக்கிறேன்,
குளவிக் கூடு கலைந்த அன்று
கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.
ஒன்றுக்குமே இல்லாமல், சும்மா,
இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சிக்கு
நாற்பத்து நான்கு வயதில்தான் ஓடுகிறேன்.
நெஞ்சு இடிக்கிறது, வாயெல்லாம் தூசி,
சிரிப்பு வேறு மூச்சை அடைக்கிறது.

இந்த ஓட்டத்தைச் செக்ரோலில் யாரும் பதியவில்லை.
தராசில் கொழுவவில்லை.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று
யாரும் கழிக்கவுமில்லை.
ஓடினது ஓடினதுதான்.

இரவு முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது
வலி வேலை வலி மாதிரி இல்லை.
எப்படியென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அவரும் கேட்டார். தெரியாது என்றேன்.

போன கிழமை மழை பிடித்துக்கொண்டது.
முதலில் பந்து போடுகிற பக்கம் நனைந்தது,
பிறகு படிக்கட்டு ஒவ்வொன்றாய்.
குச்சிகளைப் பிடுங்க மறந்துவிட்டோம்.
இன்று காலை பிரட்டுக்குப் போகிற வழியில்
தண்ணி மட்டும் தெரிந்தது, தட்டையாய்,
ஒன்றும் தெரியாததுபோல்.

கங்காணி மலை பிரிக்கிறார்.
கூட்டத்துக்குள் இருந்து மரகதவல்லி
மெதுவாய்க் கேட்கிறாள்:
"நீ எத்தனையில நிக்கிற?"

"பதினேழு. இன்னும் அவுட் இல்ல"
என்றேன்,
கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு.