கம்பிக்கு நேர் மேலே

பொர்ன்ஹோம் தீவில் சில தேவாலயங்கள் வட்டமானவை.
கம்பி பதிக்கிறவனுக்கு அது வசதி.
சுவரை ஒட்டியே தவழ்ந்து போனால்
தொடங்கிய இடத்தில் தலை இடிக்கும்.

நூறு அடிச் செம்பு, கம்பளத்துக்கு அடியில்
ஒரே ஒரு சுற்று.
போதகர் கூட்ருனின் குரல் மைக்கில் நுழைந்து
மின்னோட்டமாய் அதில் ஓடும்.
ஓடுகிற வழியெல்லாம் காந்தம் முளைத்து,
வளையத்துக்குள்ளே தரையிலிருந்து கூரைக்கு நிமிரும்,
கவிழும், நிமிரும், ஒரு சொல் முடிவதற்குள் நூறு தடவை.
காற்றுக்கு இதில் வேலையில்லை.
செவிக்கருவிக்குள் நிற்கும் குட்டிச் சுருள்
அதைப் பிடித்து மறுபடி ஆமென் ஆக்கும்.

வளையத்தின் புலத்தைக் கணக்கிட
நடுப்புள்ளிக்குப் போகச் சொல்லும் பாடநூல்.
கம்பியின் எந்தத் துண்டும் அங்கே சம தூரம்,
சூத்திரம் ஒரு விரலில் அடங்கும்.
இங்கே நடுப்புள்ளியில் நிற்பது
வெள்ளையடித்த கல்தூண்.

என் தொல்லை ஓரத்தில்.
அளவுமானியைக் காது உயரத்தில் பிடித்து
பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து எழுந்தேன்.
சுவரோரத்தில், தூணைப் பார்த்துப் போட்ட பெஞ்சில்
முள் செத்து விழுந்தது.
கம்பிக்கு மேலே, ஒரு சாண் வெளியே,
புலம் நிமிர்வதில்லை; படுத்துக் கிடக்கிறது.
நின்றபடி காத்திருக்கும் சுருளுக்குப் படுத்த புலம் ஊமை.
சாக்பீஸால் கோடு போட்டேன்.
'இங்கே அமர வேண்டாம்' என்று எழுத
அட்டை தேடிக்கொண்டிருந்தபோது
குர்லி கோஃபோட் வந்து
கோட்டின் மேலேயே உட்கார்ந்தாள்.

கப்பலின் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருடம்,
காதைக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவள்.
இங்கே ஒன்றும் கேட்காது என்று கையால் காட்டினேன்.
"தெரிகிறது," என்றாள். "அதனால்தான்."

ஞாயிற்றுக்கிழமை சோதிக்க மறுபடி போனேன்.
பிரசங்கம் முழுக்க அவள் நிமிர்ந்தே இருந்தாள்,
புகைபோட்ட ஹெர்ரிங் மீனின் நிம்மதியோடு.
பிறகு எல்லாரும் தலை குனிந்தார்கள். அவளும்.
காதுக்குப் பின்னால் சுருளும் சாய்ந்தது.
படுத்திருந்த புலம்
அதன் வழியே புகுந்தது.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மௌனம்.
குனிந்தாள். குரல்.
நிமிர்ந்தாள்.
ஒரு கணம் என்னைப் பார்த்தாள், நான் ஏதோ செய்துவிட்டதுபோல.
மூன்றாம் முறை மெதுவாகக் குனிந்து
அப்படியே இருந்தாள்,
தூணின் அடிக்கல்லை வெறித்தபடி.

நானும் என் கருவியைச் சாய்த்துக் கேட்டேன்.
ஜெபம் முடிந்திருந்தது.
வாசலை மறித்து நிற்கும் நீல வண்டி யாருடையது,
எடுக்க முடியுமா, என்று கூட்ருன் கேட்டுக்கொண்டிருந்தார்.

குர்லியுடையதுதான்.
அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.