பதினோரு ஃபிரேம்

பகலில் என் வேலை
பிறரை அசையாமல் நிறுத்துவது.
தாடையைத் தூக்குங்க, தோளை முன்னால கொண்டாங்க,
மூச்சை இழுத்துப் பிடிங்க.
ஒரு டிக்.
விடுங்க.
அசைந்தால் விலா எலும்பு புகையாகிவிடும்,
டாக்டர் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், காட்டுவார்.

இரவில் நான் விமானி.
முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்தெரு,
மாடி போர்ஷன், ஜன்னலில் துண்டு கட்டிய இருட்டு.
கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி
டேபிள் ஃபேனை அதற்குக் கொடுத்துவிட்டேன்.
ஒன்றில் ஓடினால் அதன் முனகல்
இன்ஜின் சத்தத்தோடு போய்விடும்.
சீலிங் ஃபேன்தான் மைக்கில் கேட்கிறது,
அதனால் அது கிடையாது.
முழங்கையிலிருந்து சொட்டுகிறது எனக்கு.

கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது:
பறப்பதும் பதிவதும் ஒரே டிஸ்க்கில் ஆகாது.
அறுபது கேட்டால் திணறும்,
முப்பதில் பூட்டிவிட்டால்
முப்பதும் வரிசை தப்பாமல் வரும்.
மேகத்தைக் குறைத்தேன், நிழலைக் குறைத்தேன்,
கடலின் அலையைப் பாதியாக்கினேன்,
கடற்கரைக்காரி செய்யக்கூடாத காரியம்.
இடம் போதாமல்
தங்கச்சி மகள் காதுகுத்தைப் பென்டிரைவுக்குத் தள்ளினேன்.
அழிக்க முடியாது,
குழந்தை சிரிக்க, தாய்மாமன் அழுவது அதில் இருக்கிறது.

ஹைதராபாத்திலிருந்து எழுபது இருக்கை,
எழுபதும் காலி.
வங்கக்கடல் மேல் திரும்பி
லாஸ்பேட்டை ஓடுதளத்துக்கு மூக்கைப் பிடிக்கிறேன்.
இடப்பக்கம் ஊர்.
எல்லா வீடும் ஒரே உயரம்,
கோயிலும் தீப்பெட்டி, மாதா கோயிலும் தீப்பெட்டி,
பீச் ரோட்டில் ஒரு ஆள் இல்லை.
எங்கள் தெரு இருக்கிறது, எங்கள் மாடி இல்லை.
நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில்
ஒரு பொம்மை மரம்.

ஐம்பது. நாற்பது. முப்பது.
இருபதில் மூக்கைக் கொஞ்சம் தூக்கி
பத்தில் காத்திருந்தேன்.
தரை வந்தது தெரியவில்லை.
அப்படி ஒரு இறக்கம் அதற்கு முன் இல்லை எனக்கு.

அப்போதுதான் கீழ்வீட்டு அமலோற்பவம் அக்கா
காலை டிபன் கடைக்கு மாவரைக்க
கிரைண்டரைப் போட்டிருக்கிறார்.
ட்யூப்லைட் ஒரு தடவை கண்ணடித்தது.

போட்டுப் பார்த்தேன்.
சக்கரம் ஒரு முழம் மேலே.
அடுத்த ஃபிரேமில்
சக்கரம் தரையில், புகை எழுந்து முடிந்துவிட்டது.
நடுவில் பதினொன்று இல்லை.
முன்னால் போய், பின்னால் போய், ஒவ்வொன்றாய்த் தட்டி,
இல்லை.
இறங்கியது நான்தான்.
எங்கே இறங்கினேன் என்று கேட்டால்
காட்ட எதுவுமில்லை.

மறுபடி பறந்தேன். துள்ளியது.
மறுபடி. புல்லில் போய் நின்றது.
நாலாவது, அக்கா கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு,
ஸ்பீடு பிரேக்கரில் டவுன் பஸ் ஏறியது போல
மடேரென்று.
ஆனால் ஒரு ஃபிரேம் சிந்தவில்லை.
எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகிறது வீடியோ,
அத்தனை தெளிவு என் தப்பு.
அதைத்தான் ஏற்றினேன்.
நாற்பத்தொன்று சதவீதத்தில் தூங்கிப்போனேன்.
முதலாவது
காதுகுத்தோடு பென்டிரைவில் கிடக்கிறது.

காலையில் வைத்திக்குப்பம் கலிவரதன்,
வலை இழுக்கையில் நெஞ்சில் பிடித்ததாம்.
தாடையைத் தூக்குங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க.
டிக்.
திரையில் வந்தது.
துளி நடுக்கமில்லை,
எப்போதோ முறிந்து கூடிய இடத்தின் மெல்லிய முடிச்சு வரைக்கும்.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
மேலிருந்து எண்ணினேன், ஒன்று, இரண்டு,
பதினொன்றில் நிமிர்ந்தால்
கண்ணாடிக்கு அப்பால் அவர்
இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்,
கன்னம் உப்பி, கண் பிதுங்கி,
முத்துக் குளிக்க முங்கியவர் போல.

விடுங்க என்றேன்.
விடுங்க, ஐயா, விடுங்க.

மைக் ஆஃபில் இருந்தது.